இரும்புக் கொல்லையில் ஒரு மோதிரம்: காஞ்சிபுரத்தில் சின்னக் காயிலும் ஸ்பீக்கர் காந்தமும்

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு அலைவது பெரும்பாலும் கடற்கரையில்தான். திருவான்மியூரில் கம்மலைத் தொலைத்தவர்கள், பாலவாக்கத்தில் கார் சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிடுவார்கள். போவேன், தேடுவேன், கிடைத்தால் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். காசு வாங்குவதில்லை. கடற்கரை மணலில் குப்பை இருந்தாலும் தோண்டுவது சுலபம், யாருடைய மனத்தாங்கலும் அதில் புதைந்திருக்காது. ஊருக்குள் ஒரு வீட்டுக் கொல்லையில் தேடுவது அப்படியில்லை என்பதைக் காஞ்சிபுரம் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

பொங்கல் கழிந்த வாரம் ஏகாம்பரம் என்பவர் போன் செய்தார். பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே இரண்டு தறி வைத்துப் பட்டு நெய்கிறவர். மனைவி செல்வியின் நிச்சயதார்த்த மோதிரம் ஆடி மாதத்திலிருந்து காணோமாம். "கிடைச்சா நல்லது சார். கிடைக்கலைன்னாலும், கொல்லையில இல்லைன்னாவது எனக்குத் தெரியணும்" என்றார். தொலைத்தவர்கள் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. என்ன இது என்று யோசித்துக்கொண்டே, "வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை விடியற்காலை தாம்பரத்தில் காஞ்சிபுரம் போகும் மின்சார ரயிலைப் பிடித்தேன். செங்கல்பட்டு வழி. டிக்கெட் இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஜன்னல் சீட்டும் கிடைக்கும். செங்கல்பட்டைத் தாண்டியதும் வண்டி தனக்கு எந்த அவசரமும் இல்லை என்பதுபோல் போகும், அதனால் கையோடு சாப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். டிடெக்டரை மூன்று துண்டாகக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன். கூடவே தண்டின் நுனியில் மாட்டித் தரைமேல் வீசுகிற வட்டத் தட்டு, அதாவது காயில், இரண்டு: ஒன்று கருவியோடு வந்த பதினோரு அங்குலத் தட்டு, இன்னொன்று தனியாக வாங்கிய ஆறு அங்குலம்.

ஸ்டேஷனில் நான் பிடித்த ஆட்டோக்காரர் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்டைப் பார்த்துவிட்டார்.

"புதையல் மெஷினா சார்?"

"தொலைஞ்ச நகை தேடுறதுப்பா."

"இங்க எதுக்கு சார் வீட்டுக் கொல்லை? திருப்பருத்திக்குன்றத்துல பழைய கோயில் இருக்குது. பக்கத்துலதான். வண்டிய அப்டியே திருப்பவா? எதனா மாட்டிச்சுன்னா பாதிப் பாதி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று. பழைய கோயில், ஆற்றங்கரை, பொது நிலம் எதிலும் கருவியை எடுத்துக்கொண்டு இறங்குவது சட்டப்படி தப்பு, ஜெயிலுக்கும் போகலாம் என்று சொன்னேன். "ஜெயில்லயும் பாதிப் பாதியா சார்?" என்றார் அவர். சிரித்துவிட்டேன். பிள்ளையார்பாளையத்துக்கு நூற்றிருபது ரூபாய் கேட்டார், நூறு கொடுத்தேன். அவருடைய நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் நின்றது. செல்விக்கு நாற்பது வயதிருக்கும். காபி கொடுத்தார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. ஏகாம்பரம்தான் நடந்ததைச் சொன்னார். ஆடியில் ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைத் தொகுதி, முடிந்து அடுத்த பாவு ஏற்றினார்கள். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்து இணைக்க வேண்டும். இதைப் பிணைப்பது என்பார்கள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை. முசரவாக்கத்திலிருந்து அஞ்சலை என்ற பெண் பல வருடமாக இவர்கள் வீட்டுக்குப் பிணைக்க வருகிறவர். அன்றைக்குச் செல்வியும் கூட உட்கார்ந்திருக்கிறார். மோதிரம் பட்டு இழையில் மாட்டும் என்பதால் பாவில் கை வைக்கும் முன் எல்லோரும் கழற்றிவிடுவார்கள். செல்வி எப்போதும் முந்தானையில் முடிந்துகொள்வார். சாயங்காலம் பார்த்தால் முந்தானையில் முடிச்சும் இல்லை, மோதிரமும் இல்லை.

"இவ கழனித் தண்ணி கொட்டக் கொல்லைக்குப் போனா. அங்கதான் அவுந்து விழுந்திருக்கும்னு நான் சொல்லிக்கினே இருக்கேன்" என்றார் ஏகாம்பரம்.

"நான் போட்ட முடிச்சு அவுராது" என்றார் செல்வி.

அதற்குப் பிறகு அஞ்சலையை அவர்கள் கூப்பிடவில்லை. திருடினாய் என்று யாரும் சொல்லவும் இல்லை. அடுத்தடுத்த இரண்டு பாவுக்கும் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். கொல்லையில் இல்லை என்றாவது தெரிய வேண்டும் என்று ஏகாம்பரம் ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் தேடப்போவது ஒரு பெண்ணின் மானத்தையும் சேர்த்துத்தான் என்று தெரிந்தபோது, வந்திருக்கவே வேண்டாமோ என்றுகூட நினைத்தேன்.

கொல்லை இருபதடி அகலம், நாற்பதடி நீளம். பதினோரு அங்குலக் காயிலை மாட்டி, கடற்கரையில் வைத்திருந்த அதே அளவுகளோடு ஆன் செய்தேன். கருவி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடிப்போயிற்று. ஆணி, பிளேடு, சோடா மூடி, தகரம், மாத்திரை அட்டை. போதாததற்கு, சேலையில் பூ வேலைப்பாடு விழ வைக்கிற ஜக்கார்டு பெட்டிக்கு அடியில் இழைகளை நேராக இழுத்துப் பிடிக்கத் தொங்கவிடும் மெல்லிய இரும்புக் கம்பிகள், துருப்பிடித்து ஒடிந்து கொல்லை முழுக்கக் கிடந்தன. தறி வீட்டுக் கொல்லைகளில் இதை எதிர்பாருங்கள். மெல்லிய நீளக் கம்பியின் முனை தங்கம் மாதிரியே நல்ல சத்தம் கொடுத்து ஏமாற்றும்.

பலர் இந்த இடத்தில் செய்வது டிஸ்கிரிமினேஷனைக் கூட்டுவது. அதாவது இரும்பைக் கண்டால் வாயைத் திறக்காதே என்று கருவிக்குச் சொல்லிவிடுவது. நானும் ஒரு மணி நேரம் அப்படித்தான் தேடினேன். அமைதியாக, சுகமாக இருந்தது. ஒரு ஸ்பூனும் குக்கர் வெயிட்டும் கிடைத்தன. குக்கர் வெயிட்டைப் பார்த்துச் செல்வி முதல் தடவையாகச் சிரித்தார். ஆனால் பெரிய காயிலின் அடியில் ஒரே சமயத்தில் நாலைந்து இரும்பு இருந்தால், நடுவிலிருக்கும் தங்கத்தையும் சேர்த்துக் கருவி விழுங்கிவிடும். அந்த அமைதியை நம்பி, இங்கே இல்லை என்று நான் சொல்லிவிட்டால் அஞ்சலை கதி என்ன? அந்த நினைப்பு வந்ததும் எல்லாவற்றையும் மாற்றினேன்.

ஆறு அங்குலக் காயில். ஆழம் குறையும், பரவாயில்லை. ஆறு மாதத்துக்கு முன் விழுந்த மோதிரம் ஒரு சாணுக்குக் கீழே போயிருக்காது. சென்சிடிவிட்டியை, அதாவது உணர்திறனை, என் கருவியில் இருபத்திரண்டிலிருந்து பதினைந்துக்கு இறக்கினேன். டிஸ்கிரிமினேஷனை முழுவதும் எடுத்துவிட்டு, இரும்புக்குக் கட்டைக்குரல், மற்றதற்குக் கீச்சுக்குரல் என்று வைத்தேன். ஒரு பொருளைத் தாண்டி அடுத்ததற்குக் கருவி தயாராகும் வேகத்தைக் கூட்டினேன். மண்ணுக்கு ஏற்ற கிரவுண்ட் பேலன்ஸை அந்த இடத்திலேயே புதிதாகச் செய்தேன். பிறகு மெதுவாக, சாணி மெழுகுகிற மாதிரி, சாண் சாணாக நகர்ந்தேன்.

கிணற்றடிப் பக்க மூலையில் கட்டைக்குரலுக்கு நடுவே ஒரு சின்னக் கீச்சு வந்தது. குறுக்கே திரும்பி நின்று வீசினால் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அது இரும்பு, தோண்டாதே என்பது பாலபாடம். நகர்ந்துவிட்டேன். ஆனால் மற்ற கம்பிகளின் கீச்சு ஆளுக்கு ஆள் மாறுகிற மாதிரி மாறிக்கொண்டே இருந்தது. இது மட்டும் திரும்பப் போனாலும் அதே இடத்தில் அதே குரலில் கேட்டது. மனசு ஒப்பவில்லை. இரும்பை முதலில் பொறுக்கி எடுத்துவிட்டு மறுபடி கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

தெருமுனையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாயிடம் பெரிய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை ஏகாம்பரம் இரவல் வாங்கி வந்தார். ஈர மண்ணைக் கிளறிவிட்டு, காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தேன். கம்பிகள் கொத்துக் கொத்தாக ஏறின. அந்த மூலையில், பத்துப் பன்னிரண்டு கம்பி துருவோடு துருவாக ஒட்டிக்கொண்ட ஒரு கட்டு அப்படியே எழுந்து வந்தது. அதன் ஒரு முனையில் மண் அப்பிய வளையம். தங்கம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் கம்பி ஒட்டியது, கம்பியில் மோதிரம் கோத்திருந்தது.

செல்வி அதைக் கையில் வாங்கவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். "உபரிக் கம்பிக் கட்டு இது. தறிக் கட்டையில செருகி இருந்திச்சு" என்று மெல்லச் சொன்னார். அன்றைக்குக் கட்டியிருந்தது புதுச் சேலை, கஞ்சி விறைப்பில் முந்தானை முடிச்சு நிற்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. கை நீட்டினால் எட்டுகிற கம்பி முனையில் மாட்டிவிட்டுப் பாவில் கை வைத்திருக்கிறார். தினமும் முந்தானையில் முடிந்து முடிந்து, அன்றும் முடிந்ததாகவே மனசு சாதித்துவிட்டது. ஆயுத பூஜைக்குத் தறியைச் சுத்தம் செய்தபோது அந்தத் துருப்பிடித்த கட்டை, மோதிரத்தைக் கவனிக்காமல், கொல்லையில் வீசியவர் ஏகாம்பரம். அப்புறம் ஐப்பசி மழை.

"முசரவாக்கம் போவணும். நீங்களும் வாங்க சார், எப்டிக் கிடைச்சுதுன்னு நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நம்புவாளோ மாட்டாளோ" என்றார் செல்வி. காலையில் வந்த ஆட்டோக்காரரையே கூப்பிட்டோம். இந்தத் தடவை அவர் பாதிப் பாதி கேட்கவில்லை.

அஞ்சலைக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். செல்வியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உட்காரச் சொன்னார்.

"கண்ணாடி போட்டுக்கினேன் பாரு செல்வி. கண்ணு மங்கிடுச்சு, இழ தப்பா போட்டுட்டேன் போலக்குது, அதான் என்னைக் கூப்பிடலன்னு நினைச்சேன்."

என் விளக்கத்துக்குத் தேவையே வரவில்லை. செல்வி மோதிரத்தைக் காட்டி எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டார். "நீதான் எடுத்துட்டேன்னு நினைச்சிட்டேன்க்கா" என்பதையும் சேர்த்து.

அஞ்சலை மோதிரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கம்பியில மாட்டினியே, நான் பார்த்துக்கினுதானேம்மா இருந்தேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

செல்வி அழுதார். ஏகாம்பரம் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அஞ்சலைதான் கேட்டார்: "அந்த ரெண்டு பாவும் யார் பிணைச்சது? இழ நின்னுச்சா?"

"நிக்கல. அறுந்து அறுந்து போச்சு" என்றார் செல்வி. அஞ்சலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுபடி வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. எங்களுக்கு மோர் கொண்டுவர எழுந்து போனார்.

இந்த மாதிரி இடத்துக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சின்னக் காயில் இல்லாமல் போகாதீர்கள். இரும்பின் வாயை அடைக்காதீர்கள், அது கூடவே தங்கத்தின் வாயையும் அடைக்கும். ஒரு காந்தமும் உறுதியான கயிறும் பையில் இருக்கட்டும். வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் ஒரு பிடி மண்ணையும் தோண்டாதீர்கள். நகை தொலைந்த அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். நானும் கேட்டேன். அஞ்சலை என்ற பெயரும் தெரிந்தது, ஆட்டோவில் கால் மணி நேரத் தூரம் என்றும் தெரிந்தது. அப்படியும் நான் கருவியைத்தான் ஆன் செய்தேன். நீங்கள் முதலில் அந்த ஆட்டோவில் ஏறுங்கள்.