கணவாய்க்குக் கீழே ஓர் ஊர்

எண்பதுகளின் கடைசியில் ஒரு குளிர்காலம். நான் லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். என் கணவர் இத்தாலியிலிருந்து டெலிபோன் எடுத்தார். காசு வாங்கி ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்ட் அவரையும் வேறு மூன்று இளைஞர்களையும் ஒரு மலை ஊரில் விட்டிருந்தான்.

"மலைக்கு அங்கால பிரான்ஸ். வாற கிழமை நடக்கப் போறம். நீர் யோசியாதையும்."

ஊரின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்ததும் லைன் அறுந்தது.

நான் வேலை செய்த சான்விச் கடையின் முதலாளி அந்தப் பக்கத்து இத்தாலியர். அறுபது தாண்டியவர். பெயரைச் சொன்னதும் பாண் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார். தன் கையை இறுக்கி மூடி, இரண்டு விரல் முட்டிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தைத் தொட்டுக் காட்டினார். ஊர் அங்கேதான் இருக்கிறது, குளிர்காலம் முழுக்க வெயில் விழாது என்றார். ஒரு காலத்தில் கடற்கரை உப்பைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு அந்தக் கணவாயால் போவார்களாம். ஊர் அதை வைத்தே பிழைத்தது. ரயில் வேறு பக்கம் போனதும் வியாபாரம் படுத்துவிட்டது. ஆண்கள் லண்டனுக்குக் கோப்பை கழுவ வந்தார்கள்.

"இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன் படைக்குப் பயந்த சனம் அந்த வழியால் ஓடியது. சிலரின் உடலைப் பனி உருகிய பிறகுதான் எடுத்தோம்," என்றார். "அவரைப் போக விடாதே. அந்த ஊர்ப் பாதிரியாரிடம் போகச் சொல்."

சொல்வதற்கு என்னிடம் நம்பர் இல்லை. அவர்தான் எடுக்க வேண்டும். வேலை முடிந்து வந்து படிக்கட்டில் டெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். வீட்டுக்கார அண்ணை கனடாவுக்குக் கதைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வயரைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் மணி அடித்தது.

"நாளைக்கு வெளிக்கிடுறம்."

"போகாதேங்கோ. அந்தப் பாதையில கனபேர் செத்தவையாம். கோயிலடிக்குப் போய்ப் பாதரைப் பாருங்கோ."

"ஏஜென்ட் திரும்ப வரமாட்டான். லண்டனில இருந்துகொண்டு உமக்கென்ன தெரியும்?"

வைத்துவிட்டார்.

அதன் பிறகு டெலிபோன் அடிக்கவே இல்லை. கடையில் பாணைக் கோணல்மாணலாக வெட்டினேன். முதலாளி என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அடுத்த வியாழன் என் கணவர் பாதிரியார் வீட்டிலிருந்து எடுத்தார். "நான் போகேல்லை," என்றார். மற்ற மூவரும் போயிருந்தார்கள். இருவர் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவனை விறகு வெட்டுகிறவர்கள் தூக்கிவந்தார்கள். அவனுடைய கால்விரல்கள் பனியில் கருகிப்போயிருந்தன.

இவர் பங்குனி வரை அங்கே விறகு பிளந்து, பிறகு வேறு வழியால் லண்டன் வந்தார். விரல்கள் போனவன் அந்த ஊரிலேயே தங்கிவிட்டான். அங்கே இளம் ஆட்கள் குறைவு என்பதால் பேக்கரியில் வேலை கொடுத்தார்களாம். தொண்ணூறுகளில் கலியாணப் படம் அனுப்பினான்.

பாரிஸ் போன இருவரும் கடை திறந்த செய்தி வந்தபோது இவர், "நானும் அண்டைக்கு அவையோட போயிருக்கலாம்," என்றார்.

நான் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.