இரண்டெழுத்துக் குறைச்சல்

"ஓரம்... ஓரம்..."

குரல்தான் முதலில் வரும். பிறகு ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரம், போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரின் பாதங்கள், கடைசியில்தான் அக்கா. வண்டியைத் தள்ளுகிற மாதிரி இருக்காது. உடம்பை முன்னால் சாய்த்து, அதை விரட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். நடுவில் நிற்பது பெரிய டாக்டரே ஆனாலும் ஓரம்தான். "உசுரு வருது, வழி விடுங்க. பேச்சை அப்புறமா வந்து பேசிக்கங்க." இந்த ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்கமாட்டார். ஓரம் அக்கா என்றால் வாசல் காவலாளி முதற்கொண்டு கை காட்டுவார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலை ஒட்டிய சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரையும் வயதையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. பகல் முழுக்க அக்கா என் ஜன்னல் சட்டத்துக்குள் வருவதும் மறைவதுமாக இருப்பார்.

இடுப்பில் எப்போதும் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பி ஒன்று இருக்கும். சக்கரம் கிரீச்சிட்டால் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து இரண்டு சொட்டு விடுவார். "படுத்திருக்கிறவன் ஏற்கெனவே பயந்து கிடக்கான். கூடச் சேர்ந்து இதுவும் அழுவணுமா?" ஆளில்லாத ஸ்ட்ரெச்சரில் நோயாளியோடு வந்த யாராவது அசதியாக உட்கார்ந்துவிட்டால் போச்சு. "எந்திரிங்க சார், இது பெஞ்சு இல்ல. ரொம்ப ஆசையா இருந்தா சொல்லுங்க, படுக்க வச்சே உள்ள கூட்டிட்டுப் போறேன்."

இன்னொன்று. அவருக்கு முன்னால் நீண்ட எந்தக் கையும் காலியாகத் திரும்பி நான் பார்த்ததில்லை. டாக்டர் முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டுவார். பஞ்சா, கத்தரிக்கோலா என்ற கேள்வியே இல்லாமல் வேண்டியது அதில் வந்து உட்காரும். அழுகிறவர் கை நீட்டினால் தண்ணீர். குழாய் ரிப்பேர்காரர் நீட்டினால் ஸ்பேனர். இதெல்லாம் அவர் வேலையே இல்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளுவது மட்டும்தான் அவர் வேலை. சொன்னால், "நம்ம வார்டுய்யா, நாம பாக்காம வேற யாரு பாப்பா?" என்பார்.

அந்த 'நம்ம' எங்கிருந்து வந்தது என்பதுதான் கதை.

அக்காவின் கழுத்தில் கிடக்கிற ஒரே நகை அவருடைய அடையாள அட்டை. மற்றவர்கள் அட்டையில் புகைப்படத்துக்குக் கீழே அவரவர் பிரிவின் பெயர் இருக்கும்: லேப், எக்ஸ்ரே, ஃபார்மசி. அக்காவின் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் 'கேஷுவல்' என்று இருந்தது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுத்துகளை முகம்போல அடையாளம் வைத்துக்கொள்வார். சேர்ந்த அன்றைக்கே அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வாசல் பலகையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்திருக்கிறார். அச்சு அசலாகப் பொருந்தியிருக்கிறது. பொருந்தாமல் என்ன செய்யும்? பலகையில் முதலில் இருந்த சொல் 'கேஷுவால்டி'. அவசரமாக அடிபட்டு வருகிறவர்களுக்கான பிரிவு. அதன் கடைசி இரண்டு ஆங்கில எழுத்தை, T-யையும் Y-யையும், ஏதோ ஒரு ஆம்புலன்ஸின் கூரை இடித்துத் தள்ளிவிட, மிச்சம் நின்றது 'கேஷுவல்'. யாரும் திரும்ப மாட்டவில்லை. ரத்தம் ஒழுக வருகிறவன் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டா உள்ளே வருகிறான்?

எல்லோரும் வாயால் கேஷுவால்டி என்றார்கள்; பலகையிலும் அட்டையிலும் ஒரே சொல் இருந்தது. அக்கா முடிச்சுப் போட்டுக்கொண்டார். எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது ஒரு மாதிரி. இங்கிலீஷ் என்றாலே அப்படித்தானே.

மாடியில் குழந்தைகள் வார்டைக் கூட்டுகிற பெண்ணின் அட்டையிலும் அதே சொல் இருந்ததை அக்கா பார்த்திருந்தார். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "அது நம்ம ஆளுதான் தம்பி. மேல ஆள் பத்தலன்னு இங்கருந்து அனுப்பி வச்சிருக்காங்க." துணி வெளுக்கிற இடத்திலும் அதே சொல், சமையல்கட்டிலும் அதே சொல். "நம்ம செக்‌ஷன்தான் பெரிய செக்‌ஷன். எந்த மாடிக்குப் போனாலும் நம்ம ஆளு ஒண்ணு நிக்குது பாரு." போகிற வழியில் அவர்களை அதட்டவும் செய்வார், மேலதிகாரி தோரணையில்.

வீட்டில் ஒரு நாத்தனார் உண்டு. ஏதோ ஆபீசில் நிரந்தர உத்தியோகம். சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஒரு நாளில், "அண்ணி, ஆஸ்பத்திரியில உங்களுக்கு என்ன, கூட்டிப் பெருக்கறதா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அட்டையை எடுத்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாராம். "கேஷுவால்டி ஸ்டாஃப். படிச்சவதானே, வாசிச்சுப் பாரு." நாத்தனார் வாசித்தாராம். வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"வயித்தெரிச்சல் தம்பி," என்றார் அக்கா என்னிடம். "அதான் அப்படிச் சிரிக்கிறா."

போன மாதம் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று சாய்ந்து அக்காவின் வலது பாதத்தில் விழுந்தது. சிலிண்டரைச் சுவரோடு கட்டிவைக்கிற சங்கிலி அறுந்து வெகுநாளாகிறது; அதையும் யாரும் மாட்டவில்லை. அக்கா அழவில்லை. "எருமை, விழறதுக்கு உனக்கு வேற எடம் கிடைக்கலையா?" என்று சிலிண்டரைத் திட்டினார். தான் தள்ளும் ஸ்ட்ரெச்சரிலேயே படுக்கச் சொன்னபோது மறுத்து, அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எகிறி எகிறி உள்ளே போனார். விரல் எலும்புகள் உடைந்திருந்தன. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், கட்டு பிரிக்கிறவரை காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்றார்.

நிர்வாக ஆபீசுக்கு லீவு கேட்கப் போனபோது சக்கர நாற்காலியைத் தள்ளியவன் நான். ஓரம் என்று கத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அக்காவே உட்கார்ந்தபடி கத்திக்கொண்டு வந்தார்.

ஆபீசர் மிகவும் மரியாதையானவர். அதுதான் என்னால் இன்றைக்கும் பொறுக்கமுடியாதது.

"நீங்க கேஷுவல்மா," என்றார்.

"ஆமாங்க, கேஷுவால்டிதான்."

"கேஷுவால்டி இல்லம்மா. கேஷுவல்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன். சேர்ந்த நாள்லேருந்து கேஷுவால்டிதான்."

ஆபீசர் பேனாவை மூடினார். "உங்களுக்கு லீவெல்லாம் கிடையாதும்மா. அது பர்மனென்ட் ஸ்டாஃபுக்கு. நீங்க வராத நாள்ல வேற ஆள் போட்டுக்குவோம். நல்லா ரெஸ்ட் எடுங்க. கால் சரியானதும் வந்து பாருங்க, இடம் இருந்தா எடுத்துக்கறோம்."

"இடம் இருந்தாவா?"

"இருந்தா."

வெளியே வந்ததும் அக்கா சக்கரத்தைக் கையால் பிடித்து நாற்காலியை நிறுத்தினார். "தம்பி, ரெண்டும் வேற வேறயா?"

வேறுதான் என்றேன். அட்டையில் இருப்பதற்கு அர்த்தம் தற்காலிகம், தேவைப்படுகிறபோது கூப்பிட்டுக்கொள்கிற ஆள் என்று சொன்னேன். அதை மெதுவாகச் சொல்வதற்குத் தமிழில் வழி இருந்திருக்கலாம். எனக்கு அகப்படவில்லை.

அன்று மாலை அகராதியைப் பார்த்தேன். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதானாம்: விழுவது, எதிர்பாராமல் நேர்வது. ஒரு சொல், எதிர்பாராமல் அடிபட்டவருக்கு. மற்றது, எப்போதாவது வந்துபோகிறவருக்கு; அல்லது, வருடக்கணக்கில் தினமும் வந்தாலும் அப்படி எழுதிவைத்துக்கொள்வது யாருக்கோ வசதி என்பதால் அப்படி எழுதப்பட்டவருக்கு. சிலிண்டர் விழுந்த அன்று அக்கா இரண்டுமாக இருந்தார். ஆஸ்பத்திரி ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டது.

ஆபீஸ் வாசலில் நான் அர்த்தம் சொன்னதும் அக்கா கழுத்திலிருந்த அட்டையைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு, "அதுக்காடி சிரிச்ச நீ," என்றார், அங்கே இல்லாத நாத்தனாரிடம். அதற்குப் பிறகு வாய் மூடவில்லை. வார்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் திட்டு. பலகையை, ஆம்புலன்ஸை, அட்டை அச்சடித்தவனை, அவனுக்கு அச்சு மிஷின் கண்டுபிடித்துக் கொடுத்தவனை. "ஊரையே ஓரம் போ, ஓரம் போன்னு சொன்னேன். கடைசியில என்னை ஓரங்கட்டிட்டானுங்க பாரு!"

தலைமை நர்ஸைப் பார்த்ததும் குரல் இன்னும் ஏறியது. "சிஸ்டர், உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

சிஸ்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தார். "தெரியும்க்கா. நீங்க அவ்வளவு பெருமையா சொல்லிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு..."

"பாவம் பாத்தீங்களோ? பாவம் பாக்க நான் என்ன பேஷண்டா?" குனிந்து தன் காலைப் பார்த்தார். "ஆமா, பேஷண்ட்தான். அதுக்காவது உங்க பலகையில எடம் உண்டா?"

சிஸ்டர் கழற்றிய கையுறையை மறுபடி மாட்டத் தொடங்கினார்.

மறுநாள் காலை, "ஓரம்" என்று குரல் கேட்டு நிமிர்ந்தேன். மாவுக்கட்டின்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அக்கா ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளினாரா, அதில் தொங்கிக்கொண்டு நடந்தாரா என்று சொல்வது கஷ்டம். வீட்டில் இருந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். வந்த ஆள் நகரமாட்டார். அவருக்கும் அதே அட்டை, அதே பயம். டாக்டர் சத்தம் போட்டார். "கால் உங்களுக்கு வேணுமா வேணாமா?" அக்கா நிற்காமலே சொன்னார்: "காலும் வேணும், வேலையும் வேணும் டாக்டர். ஒண்ணுக்குத்தான் வழி விட்டிருக்காங்க."

வேலையில் குறை வைக்கவில்லை. எண்ணெய்க் குப்பி இருந்தது, நீளும் கைகளுக்கு வேண்டியது போய்ச் சேர்ந்தது. ஒரு சொல் மட்டும் மாறிவிட்டது. "உங்க வார்டுல தண்ணி வரல சிஸ்டர்." "உங்க ஸ்ட்ரெச்சர் நாலாவது சக்கரம் ஆடுது." ஒவ்வொரு 'உங்க'வும் மேசையில் டம்ளரை ஓங்கி வைப்பதுபோல விழும்.

நேற்று ஆஸ்பத்திரி மேலிருந்து கீழ்வரை கழுவப்பட்டது. ஆய்வுக் குழு வருகிறதாம். சிலிண்டர்களுக்குப் புதுச் சங்கிலி வந்தது. பிளம்பிங் ரிப்பேர் ஆனது. வாசல் பலகைக்கு, காணாமல் போயிருந்த இரண்டு எழுத்தும் பளபளவென்று எஃகில் வந்து சேர்ந்தன. எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறினார். எழுத்துகளைக் கீழே பெஞ்சில் வைத்திருந்தார். அதே பெஞ்சில், கட்டுப்போட்ட காலை நீட்டியபடி, ஸ்ட்ரெச்சருக்குக் காத்து அக்கா உட்கார்ந்திருந்தார்.

ஆபீசர் மேற்பார்வைக்கு வந்தார். அக்காவின் காலைப் பார்த்தார். "நாளையிலேருந்து வரவேண்டாம்மா. கட்டோட ஒருத்தர் வேலை பாக்கறதைக் குழு பாத்தா நல்லா இருக்காது. வேற ஆளுக்குச் சொல்லியாச்சு." அதே மரியாதை, அதே குரல். சொல்லிவிட்டுப் பலகை நேராக இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார்.

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். என் ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்தவர் தன் வயதை இரண்டாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏணியின் மேலிருந்து எலக்ட்ரீஷியன், துளையிட்ட இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கையைக் கீழே நீட்டினார். "அக்கா, அந்த எழுத்தை எடுங்க. முதல்ல கம்பம் மாதிரி இருக்கே, அது. அப்புறம் கவட்டை."

அக்கா இரண்டையும் எடுத்தார். கம்பத்தை ஒரு கையிலும் கவட்டையை ஒரு கையிலும் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணே, இது ரெண்டும் பர்மனென்ட்டா?"

"ஸ்குரு போட்டு முடுக்கப் போறேன்க்கா. இனிமே ஆம்புலன்ஸ் இல்ல, லாரியே இடிச்சாலும் அசையாது."

"அப்படியா," என்றார் அக்கா. இரண்டு எழுத்தையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அதன்மேல் தன் அட்டையைக் கழற்றி வைத்தார். அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்தார்.

"குடும்மா, அவர் எவ்வளவு நேரம் கையை நீட்டிக்கிட்டே இருப்பார்?" என்றார் ஆபீசர்.

ஏணியிலிருந்து தொங்கிய கை விரல்களை ஒருமுறை மடக்கி, மறுபடி விரித்தது. அக்கா அசையவில்லை.