சலவைக்கூடத்துப் புட்டி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்குப் ‘பளிச்சு’ என்று பெயர். எந்தக் கறையையும் விடமாட்டாள். இரத்தமா, பச்சைத் தண்ணீர். அதற்கும் மசியாவிட்டால் கிருமிநாசினி.

கல்யாணமான புதிதில் ஒருநாள் கணவன் மூக்கைச் சுளித்தான். “குளிச்சியா இல்லியா?” என்றான். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. கூடத்துக் கிருமிநாசினியைச் சின்னப் புட்டியில் கொண்டுவந்து, தண்ணீர் கலந்து, தினமும் பிறப்புறுப்புக்குள்ளே விட்டுக் கழுவத் தொடங்கினாள். எரிந்தது. எரிந்தால் சுத்தமாகிறது என்று இருந்துவிட்டாள். வாடை போகவில்லை, கூடியது. அவள் மருந்தைக் கூட்டினாள்.

பல வருஷம் கழித்து மாதவிலக்குக்கு நடுவிலும் கறை படவே, பெண்கள் பிரிவு நர்ஸ் அவளைக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வரச் சொன்னாள். டாக்டர் முகம் சுளிக்கக்கூடாதே என்று, அன்றைக்கு இரண்டு தடவை கழுவிக்கொண்டு போனாள். எடுத்த மாதிரியில் சோதித்துப் பார்க்கும்படி எதுவும் மிஞ்சவில்லை, எல்லாம் கழுவிப் போயிருக்கிறது என்று ஆய்வுக்கூடம் கைவிரித்தது.

“உள்ள எதை ஊத்துறே?” என்றாள் நர்ஸ்.

“துணிக்கு ஊத்துறதுதான்க்கா. தண்ணி கலந்துதான்.”

“அடிப்பாவி, அது என்ன படுக்கை விரிப்பா? அங்க நல்ல கிருமிங்க குடியிருக்கு. பாலைத் தயிராக்குதே, அந்த இனம். புளிப்பை உண்டாக்கிக் கெட்டதை அண்ட விடாது. அதைத் தினம் கொன்னுட்டிருக்கே. அப்புறம் படுக்கையில ஒட்டுதே, புத்துநோயைக் கொண்டுவர்ற வைரஸ், அது வந்தா லேசுல போகுமா? ரெண்டு நாள் எதையும் ஊத்தாம வா.”

கழுவாமல் போய்க் காலை அகட்டிப் படுப்பதா? பளிச்சு போகவில்லை. நர்ஸ் ஆள் விட்டுக் கூப்பிட்டும் போகவில்லை. கடைசியில் அவள் அங்கே போனபோது தள்ளுவண்டியில் போனாள். புற்று கருப்பைவாயைத் தாண்டியிருந்தது.

வைரஸ் யார் வழியாக வந்தது என்று கணவனை யாரும் கேட்கவில்லை. அவன் ஜன்னலோரம் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மகள் மாற்றுத்துணி கொண்டுவந்தாள். குனிந்து விரிப்பைச் சரி செய்தபோது அவளிடமிருந்து அதே மருந்து நெடி வந்தது.

“அதை எதுக்குடி தொட்டே?”

“நீதானேம்மா, நான் பெரியவளானப்ப சொல்லிக் குடுத்தே.”

பளிச்சு எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போனதும் புட்டியைச் சாக்கடையில கவுத்துடு. இனிமே வெறும் தண்ணி, அதுவும் வெளியில மட்டும். சரின்னு சொல்லு.”

மகள் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நாறுமேம்மா.”