வில்மர் காஸ்கெட்டின் தமிழ் மொழிபெயர்ப்பாளர்

உடையப்பன் 2003-இல் வளைகுடாவில் ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குச் சாரம் கட்டும் வேலைக்கு வந்தார். காளையார்கோவில் பக்கத்து ஆள், பத்தாவது வரை படித்தவர். கேம்பிலிருந்து சைட்டுக்கு பஸ்ஸில் நாற்பது நிமிடம். நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்குவோம். அவர் மட்டும் விழித்திருந்து தனக்குள் எதையோ முணுமுணுத்துச் சிரிப்பார்.

ஒருநாள் பக்கத்து சீட்டு பாலகுரு விடவில்லை.

"என்னண்ணே, தனியாச் சிரிக்கிறீக?"

"ஒரு கதைப்பா."

"யாரு எழுதுனது?"

தான் எழுதியது என்று சொல்ல உடையப்பனுக்கு வெட்கம். முந்தின நாள் ஸ்டோரில் இறக்கிய மரப்பெட்டியின் மேல் படித்த இரண்டு வார்த்தை ஞாபகம் வந்தது.

"வில்மர் காஸ்கெட். அமெரிக்காக்காரரு. அந்தக் காலத்துல பெரிய நாவலாசிரியர்."

காஸ்கெட் என்றால் குழாய் மூட்டில் கசிவு வராமலிருக்கப் போடும் வளையம். எங்கள் ஃபோர்மேன் ரெங்கராஜுக்கு அது தெரியாதா? முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"காஸ்கெட்டா? அது நம்ம பைப்புல போடுறதுல்ல?"

"அவுக ஊர்ல அது குடும்பப் பேருண்ணே. நம்மூர்ல உரல் வீட்டுக்காரக, பானை வீட்டுக்காரகன்னு இல்லையா?"

ரெங்கராஜ் யோசித்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும், திரும்பிக்கொண்டார்.

தமிழில் பெயர்த்தது என்று சொல்லி உடையப்பன் தன் நோட்டைப் பார்த்துக் கதை சொல்ல, அன்றிலிருந்து பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை. டிரைவர் மக்தூம் கீழக்கரைக்காரர். கதை சூடுபிடித்தால் அவர் வேகம் எண்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்கிவிடும். மூன்று தடவை டூட்டிக்கு லேட்டாகி, மூன்று தடவையும் மணற்காற்று என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டு நாவல் முடிந்ததும் பேச்சு ஆசிரியர் பக்கம் திரும்பியது. காஸ்கெட்டுக்கு எத்தனை பிள்ளை? ஊர் எது? உடையப்பன் தயங்கவே இல்லை. பிறந்தது 1911, ஓஹையோவில் ஒரு பன்றிப் பண்ணை. வீடு வீடாகத் தையல் மிஷின் விற்றவர். எழுதியது நாற்பத்தாறு நாவல். மருந்துக்கடையிலும் ரயில் நிலையத்திலும் அள்ளிக்கொண்டு போனார்கள். பேராசிரியர்கள் மட்டும் தொடவில்லை. கல்யாணம் மூன்று.

நாவலைவிட அந்த வாழ்க்கைதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது மனைவி டோரத்தி கோபித்துக்கொண்டு போன வாரம் கேம்ப் இரண்டாகப் பிரிந்தது. சமையல்காரர் டோரத்தி கட்சி. எனவே காஸ்கெட் கட்சிக்காரர்களின் சாம்பாரில் காய் விழவில்லை. உடையப்பனின் மனைவி நாகஜோதிக்கும் சேதி எட்டி, ஊரிலிருந்து போன் செய்தார்.

"ஏங்க, அவரு மூணாவதா ஒருத்தியக் கட்டிக்கிட்டாராமே? நீங்க அந்தாளு கூடச் சேராதீக."

2006-இல் உடையப்பனுக்குச் சரக்கு தீர்ந்தது. காஸ்கெட்டைச் சாகடித்துவிட்டார். 1964, மாரடைப்பு, தலை டைப்ரைட்டர் மேல் சாய்ந்தது. மக்தூம் பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் இரங்கல் கூட்டம். படம் தேடி பாலகுரு இன்டர்நெட் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். "வளையமாத்தேன் வருது. ஆளக் காணோம்." சத்து மாத்திரை விளம்பரத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரரை வெட்டி ஒட்டினோம். மாலையும் போட்டோம்.

மாலையைப் பார்த்ததும் உடையப்பனுக்குத் தாங்கவில்லை. எழுந்தார்.

"அப்படி ஒரு ஆளே கெடையாதுப்பா. எல்லாம் நான் எழுதுனது."

"யோவ், செத்தவன் எழுதுனத அமுக்கப் பாக்குறியா? ஓஹையோ எங்கிட்டு இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?" என்றார் ரெங்கராஜ்.

"தெரியாதுண்ணே. அதத்தான் சொல்றேன்."

மக்தூம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, பேரெடுக்கிற ஆசை யாருக்கும் வரும். மவுத்தானவர் பொருள்ல கை வைக்கக் கூடாது."

இன்டர்நெட்டில் ஏன் இல்லை என்பதற்கு பாலகுருவிடம் பதில் இருந்தது: "ஏழைபாழைக்காக எழுதுனவரு. அமெரிக்காக்காரன் மறைச்சிட்டான்."

உடையப்பனைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தோம். அப்போது எனக்கும் அதுதான் முறை என்று பட்டது. "மொதல்ல கோவம் வந்துச்சு. அந்த ஆளு மொகத்தப் பாத்ததும், மெய்யாவே தப்புப் பண்ணிட்டமோன்னு ஆயிருச்சு" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

2009-இல் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போனார். பஸ்ஸில் கதை கேட்ட நாங்கள் சேர்ந்து அவருடைய நோட்டுகளில் ஒன்றை மதுரையில் அச்சடித்தோம். அட்டையில் பெரிய எழுத்தில் வில்மர் காஸ்கெட். கீழே, 'தமிழில்: உடையப்பன்'. அவர் மறுக்கவில்லை.

அந்த வருடமே பரமக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கடிதம் வந்தது. நாகஜோதி சத்தமாகப் படித்தார். 'மூலத்தை நான் கல்லூரி நாளில் ஆங்கிலத்தில் படித்திருக்கிறேன். மொழிபெயர்ப்பில் அதன் ஜீவன் போய்விட்டது.'

"இந்தாளுக்கு என்ன பதில் போடப் போறீக?"

எந்தெந்த இடம் என்று குறித்து அனுப்பினால் அடுத்த பதிப்பில் திருத்திவிடுவதாக உடையப்பன் பணிவாக எழுதினார். ஆசிரியர் பதினோரு இடங்களைக் குறித்து அனுப்பினார். அதில் ஒன்பது சரிதான் என்கிறார் உடையப்பன்.