பின்சீற்றுக்குக் கீழே ஒரு வயர்

என் மொரிஸ் மைனர் காருக்கென்று தனிக் கொப்பி வைத்திருக்கிறேன். எந்த நாளில் என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றியது எல்லாம் அதில் இருக்கும். கடந்த மாசி மாதத்தில் ஒரே பழுதை ஐந்து தடவை எழுதியிருக்கிறேன்: குழியில் விழுந்து எழும்பினால் பியூஸ் எரிகிறது, ஹோர்னும் உள்விளக்கும் வேலை செய்வதில்லை. ஐந்தாவது தடவை என்னால் ஹோர்ன் அடிக்க முடியாமல் போக, ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். மறுநாள் காலையே மாங்குளத்தில் வாகன வயரிங் செய்பவரிடம் போனேன்.

அவர் ஹோர்ன் வயரைக் கழற்றினார். உள்விளக்கின் வயரையும் கழற்றினார். புதுப் பியூஸ் போட்டுவிட்டு இருவருமாகக் காரை உலுக்கினோம். அதுவும் எரிந்தது.

“அண்ணை, மூண்டாவதா ஒண்டு இதில கறன்ட் குடிக்குது,” என்றார்.

பியூஸ் பெட்டியிலிருந்து ஒரு வயர் கால்விரிப்புக்கு அடியால் பின்னுக்குப் போனது. அதைத் தொடர்ந்துபோய்ப் பின்சீற்றைத் தூக்கினார். பச்சையும் சிவப்புமாக முறுக்கிய மெல்லிய வயர். இடது பின்கதவின் கீழிருந்த மூடிய தகரக் கூட்டுக்குள் போய் மறைந்திருந்தது.

அவர் கையை மெதுவாக எடுத்தார். “இது காரின்ர வயர் இல்லை. தள்ளி வாங்கோ.”

“பற்றரியைக் கழட்டுவமோ?”

“ஒண்டையும் தொடாதேங்கோ.”

வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றோம். சண்டையின் கடைசி மாதங்களில், பாதை பூட்டியதால் நான் வவுனியாவில் அகப்பட்டிருந்தேன். மனைவிதான் இந்தக் காரில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்தாள். ஓரிடத்தில் அதை விட்டுவிட்டு நடந்தாள். பிறகு, கைவிடப்பட்ட வாகனங்களைக் குவித்திருந்த வெளியில், கொப்பியில் இருந்த செசி இலக்கத்தைக் காட்டிக் காரை மீட்டேன். இடையில் அதை யார் வைத்திருந்தார்கள், உள்ளே எதைச் செருகினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சீற்றில் இருந்துகொண்டுதான் என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

“வெடிக்கிறதுக்கு என்ர கராஜை விட்டா வேற இடம் கிடைக்கேல்லையோ அண்ணை?” என்றார் வயரிங்காரர். அவருடைய முகத்தில் சிரிப்பில்லை. “பொலிசுக்கு எடுங்கோ.”

நான் முதலில் வீட்டுக்குப் போன் எடுத்தேன். பின்சீற்றுக்குக் கீழே ஒரு வயர் இருக்கிறது, வரப் பிந்தும் என்றேன்.

 மனைவி கேட்டாள்: “பச்சையும் சிவப்பும் முறுக்கினதோ?”

“ஓம்.”

“அது நான் இழுத்தது.”

வீதியோரத்தில் குந்திவிட்டேன்.

“பங்கருக்குள்ள ஒருநாள் பாம்பு வந்தது. அதுக்குப் பிறகு சின்னவள் இறங்கமாட்டன் எண்டு நிண்டவள். ஷெல் விழேக்க நான் அவளை இழுக்க, அவள் வாசல் மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். லைற் எரிஞ்சால்தான் இறங்குவாள். காரைப் பங்கர் வாசலில விட்டு, கதவுக்குக் கீழ ஆணியால ஓட்டை போட்டு, பல்ப் கொழுவினனான். வெளிக்கிடேக்க வயரைப் பல்லால கடிச்சு அறுத்து, நுனியை உள்ளுக்குத் தள்ளிப்போட்டன்.”

“ஏன் என்னட்டச் சொல்லேல்லை?”

“ஓட்டை போட்டது ஆர் எண்டு கொப்பியும் பேனையுமா விசாரணை வைப்பியள்.”

நான் சொன்னதை வயரிங்காரர் நம்பவில்லை. “ஓட்டை எதில எண்டு அக்காவைக் கேளுங்கோ.”

“இடப்பக்கம், பின்கதவுக்குக் கீழ. உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் வைச்சு அடைச்சனான்,” என்றாள்.

அவர் தனியே போய்க் குனிந்து பார்த்தார். சவுக்காரம் எப்போதோ கரைந்து போயிருந்தது; ஓட்டை இருந்தது. போனைப் பிடித்தபடி நானும் கிட்டப் போனேன். கூட்டுக்குள் கையை விட்டு வயரை மெல்ல இழுத்தார். உறை இப்போதுதான் உக்கி உதிர்ந்து, மொட்டையாக இரண்டு நுனிகள் வந்தன. கார் குலுங்கும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று முட்டியிருக்கின்றன.

சின்னவளுக்கு இப்போது இருபத்துமூன்று வயது. லைற்றை அணைக்காமல்தான் படுப்பாள். இத்தனை வருடமாக, அவள் நித்திரையான பிறகு நான் போய் அணைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

“அண்ணை, வெட்டி எடுக்கட்டோ?”

வயரிங்காரர் கேட்டது போனில் மனைவிக்கும் எட்டியிருக்க வேண்டும்.

“வெட்டச் சொல்லுங்கோ,” என்றாள். “மூண்டு மணி பஸ்ஸில சின்னவள் வந்து இறங்குவாள். கூட்டப் போகவேணும்.”