இருபத்து மூன்றாவது அட்டை

எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஏழு. சிட்லபாக்கத்தில் நாங்கள் படித்த பள்ளிக்குச் செயல்வழிக் கற்றல் வந்த புதிது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை எல்லோரும் ஒரே அறையில் பாய்களில் உட்கார்ந்திருப்போம். தமிழுக்கு எண் போட்ட அட்டைகள், ஓர் எண்ணுக்கு ஒரே அட்டை. ஓர் அட்டையைப் படித்து எழுதிக் காட்டினால், சுவரில் தொங்கிய அட்டவணையில் நம் பெயருக்கு நேரே மிஸ் டிக் போடுவார். அடுத்த அட்டைக்குப் போகலாம். அவரவர் வேகத்தில் போனால் போதும், யாருக்கும் யாரோடும் போட்டியில்லை என்று சொல்லியிருந்தார். தம்பி இருப்பவளிடம் சொல்கிற பேச்சா அது?

நான் இருபத்து மூன்றை முடித்த அன்று தம்பி இருபத்திரண்டில் இருந்தான். விட்டால் அந்த வாரமே என்னைத் தாண்டிவிடுவான். அட்டையைப் பைக்குள் தள்ளிக் கொண்டுவந்து வீட்டில் பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டேன். அவனை நிறுத்தத்தான் எடுத்தேன். அவனுக்குப் பின்னால் வருகிறவர்களும் நிற்பார்கள் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் எட்டுப் பேர் இருபத்திரண்டோடு நின்றார்கள். அலமாரி, பாய்க்கு அடி என்று வகுப்பே தேடியது. எல்லோரையும்விடச் சுறுசுறுப்பாகத் தேடியவள் நான். வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்குப் பின்னால் விரலை விட்டு அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் மறுபடியும் தொடுவேன்.

வெள்ளிக்கிழமை எங்களை அழைத்துப்போக வந்த அம்மா அட்டவணையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடா, நின்ன எடத்துலயே நின்னுகினு கீற?"

"அட்டைய காணோம்மா."

"ஆமா, அட்டைக்குக் காலு மொளைச்சிடுச்சி." முதுகில் ஒன்று வைத்தாள்.

அவன் அழவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுக்கா, காணோம்தானே?" என்றான். நான் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

திங்கட்கிழமை மிஸ் ஸ்கெட்ச் பேனாவால் புதிதாக ஓர் இருபத்து மூன்றை எழுதிக்கொண்டு வந்தார். அதை என் கையில் கொடுத்தார்.

"நீதானே இதைக் கடைசியா முடிச்சே? எட்டுப் பேருக்கும் நீயே சொல்லிக்குடு. மொதல்ல உன் தம்பிக்கு."

அத்தனை பேர் இருக்க என்னைத் தேர்ந்தெடுத்தாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. குட்டி டீச்சர் மாதிரி மிடுக்காக உட்கார்ந்து எட்டுப் பேரையும் தாண்டவைத்தேன்.

அந்த ஒரு வாரமும் அட்டவணையில் இருபத்து மூன்றாவது கட்டத்தின் கடைசி டிக் என்னுடையது. எனக்குப் பின்னால் வந்த எட்டுப் பேரும் அதற்கு முந்தைய கட்டத்தில் நின்றிருந்தார்கள். மிஸ் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். வேகமாகப் படிக்கிறவள் என்று பெயரெடுத்த எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.