கதவோரக் கட்டில்

என்னை வேலைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் இருபது நாள் பேசினார்கள். என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. இரண்டாயிரத்து ஏழு வாக்கில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை எடுத்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஒரு வருடம் பயிற்சி கொடுத்து, விடுதியிலும் தங்க வைப்பதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்கே வந்து ஆள் எடுத்ததில் என் பெயரும் வந்துவிட்டது.

அப்பா வேண்டாம் என்றார். எங்கள் விருதுநகர்ப் பக்கம், ஆமத்தூரைத் தாண்டி ஒரு பட்டாசு ஆலையில் அவர் போர்மேன். அதே ஆலையில் அம்மா வெடிக்குத் திரி செருகினாள். தினமும் வெடிமருந்துக்கு நடுவில் இருந்துவிட்டு வருகிற இரண்டு பேரும், பஸ் ஏறிப் போகிற எனக்கு என்ன ஆகுமோ என்று பயந்தது அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

அம்மாவின் பயம் வேறு மாதிரி. "இங்கன இருந்தா நாளைக்கு இவளும் மருந்துக்குத்தான் வருவா" என்பாள். அதற்கு மேல் அப்பாவால் பேச முடியாது. கடைசியில் இருக்கன்குடிக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று என்று இரண்டு பொட்டலம் மடித்து மாரியம்மன் முன்னால் வைக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வீட்டோடு இருக்கணும். அம்மாவும் நானும்தான் போனோம். அம்மா என்னையே எடுக்கச் சொன்னாள். பிரித்தால் சிவப்பு அரளி. அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை மறுபடி மடித்து வைத்தாள்.

"கூட்டத்துல ஆத்தாவுக்குச் சரியாக் கேட்டிருக்காது. இன்னொரு தரம் எடு."

இரண்டாவது தரம் வெள்ளை. அப்பாவிடம் அதை மட்டும் சொன்னாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

கொண்டுபோய் விட அப்பா வந்தார். ஆண்களை உள்ளே விடமாட்டோம் என்ற விடுதிப் பெண் காப்பாளரிடம் கெஞ்சி, ஐந்து நிமிடம் அறையைப் பார்க்க அனுமதி வாங்கினார். மற்ற அப்பாக்கள் வெளியே நின்று சாப்பாடு எப்படி, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் அப்பா அறை நடுவில் நின்று வாசலை எண்ணினார். எண்ணுவதற்கு என்ன இருக்கிறது, இருந்ததே ஒன்றுதான்.

"ஏம்மா, எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே வாசலா? கதவு வேற உள்பக்கமாத் தொறக்குது. எங்க கம்பெனியில ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்கார விடமாட்டோம். எந்தப் பக்கமும் வெளிய ஓடலாம். வாசல்ல ஒரு சாமான் கெடக்கக் கூடாது."

"இது ஹாஸ்டல் சார், பட்டாசு ஃபேக்டரி இல்ல" என்றார் காப்பாளர். பெண்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அப்பா அசரவில்லை. கதவோரக் கட்டிலில் என் பையை வைத்தார். "இங்கனதான் படுக்கணும். ஆரு கேட்டாலும் விட்டுக் குடுக்காத, தாயி."

அந்தக் கட்டிலை யாரும் கேட்கவே மாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஷிப்டுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் இடித்துக்கொண்டு போவார்கள். வராந்தா விளக்கு முகத்தில் அடிக்கும். மற்ற பெண்கள் ஜன்னலோரமாகக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டுப் பேசிக் கிடப்பார்கள். என்னையும் வரச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அப்பா சொல்லிவிட்டுப் போன வார்த்தையை நினைத்து நான் போகவில்லை. மூன்றாவது தடவை அவர்கள் கூப்பிடவில்லை. எட்டுப் பேர் இருந்த அறையில் நான் தனியாகத்தான் இருந்தேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு மத்தியானம், சாப்பாட்டுக் கூடத்து டிவியில் கீழே எழுத்து ஓடியது. விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. எந்த ஊர் என்று போடவில்லை. தட்டோடு எழுந்து நின்றேன். "சீரியல் ஆரம்பிச்சிருச்சு" என்று ஒருத்தி வந்து சானலை மாற்றிவிட்டுப் போனாள்.

ஊரில் என்றால் சத்தம் கேட்டதும் தெருவுக்கு ஓடிவந்து, புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்போம். இங்கே எந்தத் திசையைப் பார்ப்பது? வாசலில் இருந்த காசு போன் பக்கம் ஓடினேன். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அப்பாவின் போன் வீட்டில் டிவி மேல்தான் இருக்கும். தெரிந்தும் அடித்தேன். எதிர்முனையில் எடுத்தால்தான் காசு போட வேண்டும். ஒற்றை ரூபாயை விரலில் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை திரும்பத் திரும்ப அடித்தேன். ஆளில்லாத வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சிவப்பு அரளி ஞாபகம் வந்தது. போகாதே என்று அது சொன்னது எனக்கு வரும் ஆபத்துக்காக இல்லையோ, வீட்டில் இருப்பவர்களுக்காகவோ என்று நினைத்துப் பயந்தேன்.

ஆறு மணிக்கு அப்பா எடுத்தார். "அது நம்ம கம்பெனி இல்லத்தா. சாத்தூர்ப் பக்கம். அம்மா கை கழுவிக்கிட்டு இருக்கா."

அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. காப்பாளரிடம் அவர் கேட்டதையெல்லாம் அவரிடமே கேட்டேன்.

"அம்மா ரூம்ல எத்தனை பேருப்பா? நாலு பேருதான?"

"சீசன் நேரம் தாயி. ஆர்டர் அம்புட்டுக் கெடக்கு. எட்டுப் பேரு."

"வாசல்?"

"ஒரு பக்கம் பெட்டி அடுக்கியிருக்கு. லோடு போனதும் எடுத்துருவோம்."

அடுக்கச் சொன்ன போர்மேன் யார் என்று நான் கேட்கவில்லை. அவர் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

"நீ எங்கனம்மா உக்காருற?"

"உள்ளாறதான். வாசப்பக்கம் ஒரு புள்ளத்தாச்சிக்கு விட்டுக் குடுத்துட்டேன். அவ எந்திரிச்சு ஓட நேரமாகும்ல."

இன்னொரு ரூபாயைப் போட்டேன். அம்மாவே கேட்டாள். "ஒன் கட்டிலு கதவுகிட்டதான கெடக்கு?"

"ஆமாம்மா."

"அது போதும்" என்றாள்.